பணம் கொடுப்பவர் கடிகாரம்

திருவனந்தபுரத்துக்கு வடக்கே கழக்கூட்டத்தில் 1990-ல் டெக்னோபார்க் தோன்றிய பிறகு, நாகர்கோவிலிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் அங்கே உத்தியோகத்துக்கு வந்த நம்மவர் பலருக்கு இரவு என்பது அமெரிக்கக் கம்பெனிகளின் பகலாகிவிட்டபடியால், லாஸ் வேகாஸில் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு உலகப் பட்டத்துக்கான குத்துச்சண்டை என்று சேதி வந்ததும், மற்றவர்கள் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருக்கையிலேயே, "ஞாயிறு காலை ஒன்பதரை" என்று சட்டெனச் சொல்லிவிடுகிறார்கள். நவம்பர் பிறந்து அமெரிக்கர் கடிகாரத்தைப் பின்னே தள்ளிவிட்டால் அது பத்தரை என்பதும் அவர்களுக்கு மனப்பாடம்.

அமெரிக்காவின் சனி இரவு நமக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலையாக விடிவது ரசிகருக்கு வாய்த்த பாக்கியமே. 2015 மே 3-ஆம் தேதி, மேவெதரும் பாக்கியாவோவும் மோதியபோது, குளித்து முழுகி, பலகாரமும் முடித்துக்கொண்டு சாவகாசமாக உட்கார நமக்கு அவகாசம் இருந்தது. லண்டனிலோ ரியாத்திலோ சண்டை என்றால் இந்தச் சௌகரியம் கிடையாது. 2024 மே 19 அன்று ரியாத்தில் உசிக், டைசன் ஃபியூரியை வென்று ஹெவிவெயிட் பட்டங்கள் அனைத்தையும் ஒருசேரக் கைக்கொண்டபோது நமக்குப் பொழுது விடியவில்லை. விடுமுறை இரவிலும் உறக்கம் பிடிக்காத நைட் ஷிப்ட்காரர்கள் தங்கும் வாடகை அறைகளில் இத்தகைய பின்னிரவுகளைக் காண வேண்டும்: எவர்சில்வர் டம்ளரில் சாய்த்து வைத்த போன், அதைச் சுற்றி நான்கு தலைகள், திரையில் நின்று நின்று சுழலும் வட்டம், அடுத்த அறையில் எழும் "அய்யோ" என்ற சத்தம், இங்கே அந்த அடி விழுவதற்கு அரை நிமிஷம் முன்னதாகவே சுவரைத் தாண்டி வந்து சேர்ந்துவிடும்.

ஆனால் இந்த நேரங்களை நிர்ணயிப்பது யார்? 1974 அக்டோபர் 30 அன்று முகமது அலியும் ஜார்ஜ் ஃபோர்மனும் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் மேடையேறியது விடியற்காலை நான்கு மணிக்கு. அமெரிக்க நகரங்களின் திரையரங்குகளில் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவர்களுக்கு அது இராப்போஜனம் முடிந்த வேளையாக அமைய வேண்டும் என்பதற்காக, தங்கள் ஊரில் தங்கள் கண்ணெதிரே நடக்கும் சண்டைக்காக ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர் இரவெல்லாம் விழித்துக் காத்திருந்தனர். அடுத்த ஆண்டு மணிலாவில் அலியும் ஜோ ஃப்ரேஸியரும் பதினான்கு சுற்றுகள் புழுக்கத்தில் வதங்கியது காலை பத்தே முக்காலுக்குத் தொடங்கிய சண்டையில். 1990-ல் டோக்கியோ டோமில் மைக் டைசன் முதன்முறையாக வீழ்ந்ததோ நண்பகல் வேளையில். குத்து வாங்குகிறவனின் உடம்புக்கு எந்த வேளை உகந்தது என்று கேட்பாரில்லை. பணம் கொடுக்கிறவர் எப்போது ஓய்வாக இருக்கிறார் என்பதுதான் கேள்வி. கின்ஷாசாவின் அந்த ஜனங்களும் கழக்கூட்டத்து நைட் ஷிப்ட்காரர்களும், பிறர் சௌகரியத்துக்குத் தம் இரவை ஈடு கொடுத்த வகையில், ஒரே இனத்தவர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த வியாபாரத்தை மாற்ற நம்மால் ஆகாது. கண்விழிப்பதும் ரசிகனுக்குச் சுமையன்று, சண்டைக்கு முந்தைய வாரம் முழுவதும் பேசித் தீர்க்கும் இன்பத்தில் அதுவும் சேர்த்தி. என் ஆட்சேபம் வேறு. விளம்பரங்களில் அறிவிக்கப்படும் நேரம் பெரும்பாலும் முதல் சில்லறைச் சண்டைக்குரியது. பட்டத்துக்கான சண்டை அதற்குப் பல மணி நேரம் கழித்தே வரும். நம்மிடமும் சந்தா வாங்குகிறவர்கள், முக்கியமான சண்டை உத்தேசமாக இந்திய நேரம் இத்தனை மணிக்கு என்று ஒரு வரி போட்டால் என்ன குறைந்துவிடும்?

கடிகாரம் திரும்பாமலும் இல்லை. அதே டோக்கியோ டோமில் 2024 மே 6 அன்று நாவோயா இனோவே, முதல் சுற்றில் தாமே கீழே விழுந்து எழுந்து, ஆறாம் சுற்றில் லூயிஸ் நெரியை நாக்-அவுட் செய்தது ஜப்பானின் இரவு நேரத்தில். இம்முறை காலையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தவர்கள் அமெரிக்கர்கள். தம் நாட்டு ரசிகர் கூட்டம் பின்னே நிற்கும் சாம்பியன் ஒருவர் இருந்தால் நேரமும் அவரைத் தேடி வருகிறது. நமக்கு அப்படிப்பட்ட மாலைகள் சொற்பம். 1980-ல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டார். 2016 ஜூலையில் டில்லியில் விஜேந்தர் சிங் ஆசிய பசிபிக் பட்டம் வென்றார். கேரளத்தின் கே. சி. லேகா 2006-ல் உலகச் சாம்பியன் ஆனதும் டில்லியில்தான், நம்முடைய நேரத்தில்தான். லாஸ் வேகாஸின் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லும் நம்மில் எத்தனை பேர் அதை அறிவோம்?

கழக்கூட்டத்தை அடுத்த காரியவட்டத்தில் உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. 2015 தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய பெரிய ஸ்டேடியமும் இருக்கிறது. கிரிக்கெட்டுக்கு அங்கே விளக்கேற்றுகிறவர்கள், வருஷத்துக்கு ஒரு சனிக்கிழமை மாலையைக் குத்துச்சண்டைக்கும் ஒதுக்கி, ஏழு மணி என்று அறிவித்து ஏழு மணிக்கே மணியடிப்பார்களானால், டெக்னோபார்க் நண்பர்களுடன் வரிசையில் நின்று டிக்கெட் வாங்க நான் தயார்.