ஏ.ஆர். காப்பி வாங்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வராதீர்கள்

நெய்வேலி நகரிய மக்களுக்கும், மந்தாரக்குப்பத்திலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் சுரங்கத்துக்கும் அனல்மின் நிலையத்துக்கும் வேலைக்கு ஆள் அனுப்பும் குடும்பங்களுக்கும்:

2020 மே 7, ஜூலை 1 ஆகிய நாட்களில் இரண்டாம் அனல்மின் நிலையத்தில் நடந்த கொதிகலன் விபத்துகளை இந்த ஊர் மறக்கவில்லை. இறந்தவர்களில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். பெரிய விபத்து என்பதால் நிவாரணம் அறிவித்தார்கள். கன்வேயர் பெல்ட்டில் ஒரே ஒருவரின் கை மாட்டினால் செய்தியும் வராது, அறிவிப்பும் வராது. அந்த வீட்டார் கேட்டால்தான் உண்டு.

இந்த இழப்பீடு யாரும் இரக்கப்பட்டுத் தரும் பணமல்ல. 1923 முதல் இருந்த இழப்பீட்டுச் சட்டம், 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டுமல்ல, கூட்டுறவு சொசைட்டித் தொழிலாளிகளுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கும் உரிமை உண்டு. ஒப்பந்ததாரர் கைவிரித்தால் முதன்மை நிறுவனத்திடம் கேட்கலாம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 35 வயதுக்காரருக்குக் கட்டைவிரல் போய்விட்டது. சட்ட அட்டவணைப்படி அது 30 சதவீத இழப்பு. 2020-இல் நிர்ணயித்த உச்சவரம்பான 15,000 ரூபாய்ச் சம்பளத்தில் 60 சதவீதம் 9,000. அதை அவர் வயதுக்குரிய 197.06-ஆல் பெருக்கி, அதில் 30 சதவீதம் எடுத்தால் 5,32,062 ரூபாய். இதற்குப் பதிலாக ஐம்பதாயிரத்தைக் கையில் திணித்து, ‘இனி உரிமை கோரமாட்டேன்’ என்று கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். போட்டுவிட்டவர்களும் சோர்ந்துவிட வேண்டாம். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாள் சட்டத்தில் செல்லாது.

பெரும்பாலான வழக்குகளுக்கு உயிர், அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அந்த முதல் மணி நேரத்தில்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியின் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டரில் (ஏ.ஆர்.) எங்கே, எந்த ஷிப்டில், எப்படி அடிபட்டது என்று உள்ளது உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். “பைக்கில் விழுந்ததாகச் சொல்லிடு, செலவை நாங்க பாத்துக்கிறோம்” என்று யாராவது காதில் ஓதினால் கேட்காதீர்கள். அந்த ஒரு வரி பிறகு எல்லாவற்றையும் சாய்த்துவிடும். ஏ.ஆர். காப்பி, கேட் பாஸ், சம்பளம் ஏறிய பாஸ்புக் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால் ஈ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேளுங்கள், மற்றவர்கள் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும். காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள்.

கூட வேலை பார்ப்பவர்களிடம் ஒன்று கேட்கிறோம். வேலை போய்விடுமோ என்ற உங்கள் பயம் எங்களுக்குப் புரியாததல்ல. ஆனாலும் பக்கத்தில் நின்று பார்த்த நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு வேறு சாட்சி இல்லை.

உங்கள் வட்டத்தில், உங்கள் தெருவில் அடிபட்டுப் படுத்திருப்பவர் யாராவது இருந்தால் இந்தத் தாளை அந்த வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிலாளர்களும் ஒப்பந்தத் தொழிலாளர் குடும்பத்தினரும்,
நெய்வேலி