செவிகளுக்கும் ஓர் ஓய்வுநாள்



சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 350 மீட்டர் நீளமுள்ள ‘சென்சரிஸ்கேப்’ நடைபாதை 2024 மார்ச்சில் திறக்கப்பட்டது. கண், செவி, மூக்கு, நாவு, தொடுதல் என ஒவ்வொரு புலனுக்கும் அங்கே ஒரு தோட்டம் உண்டு.

அங்கு சென்று மகிழ்வது தவறன்று. புலன்களைப் பாவத்தின் வாசல்கள் என்று மட்டுமே பிரசங்கிக்கிறோம். அவற்றைப் படைத்தவரும் முதல் தோட்டத்தை நாட்டியவரும் தேவனே.

நம் வெண்ணந்தூரிலோ, விசைத்தறியின் பேரோசையில் நாளெல்லாம் நிற்கிறவர்களின் செவிகள் மரத்துப்போகின்றன. தீவுப் பயணம் அவர்களுக்கு எட்டாது, ஓய்வுநாளாவது எட்டவேண்டும். தறி வைத்திருக்கும் அன்பர்களே, அந்தக் கட்டளை வேலைக்காரனுக்கும் உரியது. ஞாயிறன்று தறிகளை நிறுத்துங்கள். வேம்பில் அமரும் குருவியின் குரல் அவர்களுக்கும் கேட்கட்டும்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.