துப்பு டி.வி.யில் மட்டும் இல்லை!

'மர்மதேசம்' தொடரை வாராவாரம் காத்திருந்து பார்த்தவரா நீங்கள்? அப்படியானால் நானும் உங்கள் கட்சிதான்!

சன் டி.வி.யில் 1990-களின் நடுவில் அதன் முதல் கதையான 'ரகசியம்' வந்தபோது, நான் சித்த மருத்துவக் கல்லூரியை விட்டு வெளியே வந்த புதிது. திருநெல்வேலிப் பக்கம் ஒரு சிற்றூரில் மாடி போர்ஷனில் வாடகைக்கு இருந்தேன். அதே தெருவில் சின்னதாக ஒரு வைத்தியசாலை. என்னிடம் டி.வி. கிடையாது. வீட்டுக்கார அண்ணாச்சியின் ஹாலில்தான் பார்ப்பேன். தொடர் வரும் நாளில், 'கடைசி நேரத்தில் யாரும் வயிற்றுவலி என்று வந்துவிடக் கூடாதே' என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டதுகூட உண்டு. வைத்தியன் இப்படி வேண்டலாமா என்று கேட்காதீர்கள். வயது அப்படி!

மதினி அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்காருவார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் தரையில். தொடர் முடிந்ததும் விளக்கைப் போட்டு ஆளாளுக்கு ஒரு துப்பு சொல்வோம். "அந்த ஆளைப் பார்த்தாலே தெரியுதே, அவன்தான்" என்பார் மதினி. "அப்படி முகத்தைக் காட்டினா அவன் இல்லைன்னு அர்த்தம்" என்பார் அண்ணாச்சி. அடுத்த வாரம் வரைக்கும் இந்தப் பஞ்சாயத்து ஓடும்.

ஹாலில் நான்தான் ஹீரோ

இந்திரா சௌந்தர்ராஜன் கதை, நாகா இயக்கம், கே.பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பு. பைரவர் கோயில், மர்மமான சாவுகள், சித்தர்கள், எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு நவபாஷாண லிங்கம். கேட்கவேண்டுமா? பாஷாணம் நான் படித்த பாடமாயிற்றே!

"டாக்டர் தம்பி, நவபாஷாணம்னா நெசமாவே உண்டா?" என்று அண்ணாச்சி ஆரம்பிப்பார். நானும் விடமாட்டேன். சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள் 64, அதில் பிறவிப் பாஷாணம் 32, வைப்புப் பாஷாணம் 32 என்று அடுக்குவேன். பழநி முருகன் சிலையைப் போகர் நவபாஷாணத்தால் செய்தார் என்ற மரபுச் செய்தியைச் சொல்வேன். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அந்த அரை மணி நேரக் கதைக்குப் பிறகு, அடுத்த அரை மணி நேரம் நான்தான் கதாநாயகன்.

ஆனால், சொல்லவேண்டிய ஒரு விஷயத்தை நான் அழுத்திச் சொல்லவில்லை. சொன்னால் கதையின் சுவை குறைந்துவிடுமே என்று நினைத்தேனோ என்னவோ. அதை இப்போது உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

கதைப் பாஷாணமும் நிஜப் பாஷாணமும்

பாஷாணம் என்றால் விஷம். வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் ஆர்சனிக் சேர்ந்த பொருள்கள். வீரம், பூரம், லிங்கம் எல்லாம் பாதரசம் சேர்ந்தவை. சித்த மருத்துவம் இவற்றை அப்படியே வாயில் போடச் சொல்லவில்லை. முதலில் சுத்தி, பிறகு புடம், பிறகு அரிசி எடைக் கணக்கில் அளவு, அதற்கேற்ற அனுபானம், பத்தியம், 'இத்தனை நாளோடு நிறுத்து' என்ற கெடு. இத்தனை வேலிக்குள் நின்றால்தான் அதற்கு மருந்து என்று பெயர். இப்படிப்பட்ட விஷச் சரக்குகள் சேர்ந்த மருந்துகளில், மருத்துவர் மேற்பார்வையில்தான் உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கையை அச்சிடச் சட்டமே சொல்கிறது.

குடிநீரில் ஆர்சனிக் ஒரு லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் அதில் பத்துப் பங்கு! கண்ணுக்குத் தெரியாது, மணமும் இராது. அதனால்தான் பழைய ஐரோப்பாவில் கொலைகாரர்களுக்கு அது பிடித்த விஷமாக இருந்தது. 1836-ல் ஜேம்ஸ் மார்ஷ் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் அதைக் கண்டுபிடிக்கும் சோதனையை வெளியிட்ட பிறகுதான், விஷம் வைத்தவர்களுக்கு நீதிமன்றத்தில் வியர்க்க ஆரம்பித்தது. துப்பறியும் விஞ்ஞானத்துக்கே பாஷாணம் ஒரு முதல் பாடம் என்று சொல்லலாம்.

நிலைமை இப்படியிருக்க, 'நவபாஷாண மணி' என்று எவரோ விற்பதைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் குடிக்கலாமா? அசலாக இருந்தால் ஆபத்து. போலியாக இருந்தால் ஏமாற்று. இரண்டில் எதுவானாலும் நோய் தீராது.

கண்ணெதிரில் இருந்த துப்பு

இனி என் கதைக்கு வருகிறேன். அண்ணாச்சிக்குச் சர்க்கரை வியாதி. அலோபதி டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்தார். தொடர் பாதி ஓடிக்கொண்டிருந்த சமயம். ஒருநாள் ஹாலில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், எழுந்து உள்ளே போனார். செருப்பில் ஒன்று வாசலிலேயே கிடக்கிறது. மற்றது காலிலிருந்து வழியில் நழுவிக் கழன்று கிடக்கிறது. அவருக்குத் தெரியவே இல்லை! "அண்ணாச்சி, செருப்பு" என்று பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். விளம்பரம் முடிந்து தொடர் வந்துவிட்டது.

அடுத்தடுத்த வாரங்களில், நடுவில் இரண்டு தடவை எழுந்து பாத்ரூம் போனார். கதையில் முக்கியமான கட்டத்தில் இவர் எழுந்து போகிறாரே என்று எனக்கு எரிச்சல். கூஜாத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். குடித்துக்கொண்டே இருப்பார். திரையில் ஒரு கதவு லேசாகத் திறந்திருந்தால்கூடக் கவனித்த நான், என் முழங்கை தூரத்தில் இருந்த மனிதரைக் கவனிக்கவில்லை.

கடைசியில் மதினிதான் மாடிக்கு வந்து கூப்பிட்டார். "தம்பி, இவுக கால்ல ஏதோ வாடை வருது. வந்து பாருங்க." போய்ப் பார்த்தால் கட்டைவிரல் அடியில் புண். முள்ளோ கல்லோ குத்தி எத்தனை நாளோ. வலி தெரியாததால் அவர் பார்க்கவே இல்லை.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுதீங்களா?" என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டார். "அதை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு தம்பி. ஒருத்தர்கிட்ட நவபாஷாண மணி வாங்கினேன். ராத்திரி தண்ணியில போட்டு வச்சு, காலையில குடிக்கேன். நீங்கதான் அன்னைக்கு அதைப் பத்தி அவ்வளவு பெருமையா சொன்னீங்களே!"

அந்த நிமிஷம் எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அவரைக் கையோடு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த விரலை எடுக்கவேண்டியதாயிற்று. அண்ணாச்சி ஒருநாள்கூட என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

தொடரைக் குறை சொல்லலாமா?

'இந்த மாதிரித் தொடர்களால்தான் மூடநம்பிக்கை வளருது. நிறுத்தவேண்டும்' என்று சொல்கிறவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கதை, கதையாகத்தான் வந்தது. மருந்துச் சீட்டாக வரவில்லை. சீட்டு எழுதும் அதிகாரம் உள்ளவன் நான். நான்தான் கதைக்கும் மருந்துக்கும் நடுவில் கோடு போட்டிருக்கவேண்டும்.

சொல்லப்போனால், நல்ல மர்மத் தொடர் நம்மைச் சந்தேகப்படத்தான் பழக்குகிறது. அதே வரிசையில் பிறகு வந்த 'விடாது கருப்பு' கதையில், கொலைக்கெல்லாம் கருப்பசாமிதான் காரணம் என்று ஊரே நம்புகிறது. பார்க்காதவர்களுக்காக முடிவை உடைக்க மாட்டேன். ஆனால், 'சாமி குத்தம்' என்பதோடு நிற்காமல் மனிதக் காரணத்தைத் தேடு என்பதுதான் அதன் சாரம். ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் ஒரு டாக்டர். அவருக்கு முன்மாதிரியாக இருந்தவர், எடின்பரோவில் அவருக்குப் பாடம் நடத்திய டாக்டர் ஜோசப் பெல். துப்பறிதலும் வைத்தியமும் அண்ணன் தம்பிதான்!

வீட்டுக்கு ஒரு துப்பறிவாளர்

நோயைக் கண்டுபிடிக்கச் சித்த மருத்துவம் எட்டுத் துப்புகளைச் சொல்கிறது. நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம். நாடி எங்களிடம் இருக்கட்டும். மற்றவற்றில் பலவற்றை வீட்டிலிருந்தே நீங்கள் கவனிக்கலாம்.

* அடிக்கடி தாகம், இரவில் பலமுறை சிறுநீர், காரணமில்லாத மெலிவு: உடனே சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள்.

* செருப்பு நழுவுவது தெரியவில்லையா? பாதத்தில் மதமதப்பா? சர்க்கரை உள்ளவர்கள் தினமும் இரவு உள்ளங்காலைப் பார்க்கவேண்டும். குனிய முடியாதவர்களுக்கு மனைவியோ மகனோ பார்த்துச் சொல்லுங்கள். அதில் வெட்கம் வேண்டாம்.

* பேச்சு திடீரென்று குழறினால், வாய் ஒரு பக்கம் கோணினால், கை ஒன்று தளர்ந்தால், கைவைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். நேரே ஆஸ்பத்திரி!

* விழியும் சிறுநீரும் மஞ்சளாக இருந்தாலும், மலம் கறுத்தோ ரத்தத்துடனோ போனாலும் மறைக்காதீர்கள்.

* மாத்திரை அட்டையை வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். பெரியவர்கள் சொல்லாமல் நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் எந்த மருத்துவத்துக்கு மாறினாலும் சரி, ஏற்கெனவே சாப்பிடும் சர்க்கரை மாத்திரையையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையையும் உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்தாதீர்கள். சித்த மருத்துவன் நானே சொல்கிறேன்.

இன்னொன்று. அப்போது வாரத்துக்கு அரை மணி நேரம்தான் கதை. பார்த்துவிட்டு நேரத்தோடு படுத்தோம். இன்று மொத்தத் தொடரையும் ஒரே ராத்திரியில் பார்த்து முடித்துவிட்டு, மறுநாள் காலையில் தலைவலி என்று வருகிறார்கள். மருந்துக்கு அளவு இருப்பதுபோலக் கதைக்கும் அளவு வையுங்கள். ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். முடிந்ததும் குடும்பத்தோடு பேசுங்கள்.

நான் இன்னமும் மர்மத் தொடர் ரசிகன்தான். அதை விடுவதாக இல்லை. ஆனால், விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு வேலை செய்கிறேன். திரையிலிருந்து கண்ணை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களை ஒருமுறை பார்க்கிறேன். முகம், நடை, கால், தண்ணீர்ச் சொம்பு.

அடுத்த தடவை நீங்களும் பார்ப்பீர்கள்தானே?