ஏரியில் தொடங்கும் சமுத்திர பரிபாலனம்

காஞ்சிபுரம் மாவட்டத்துப் படப்பையில் வசிப்போருக்குக் கடல் என்பது விடுமுறை நாளில் போய்வருகிற இடமாகவும், ஞாயிற்றுக்கிழமை காலையில் பனிக்கட்டியோடு கடைவீதியில் வந்து இறங்குகிற சரக்காகவுமே பெரும்பாலும் தோன்றுகிறது; ஒரகடத்துத் தொழிற்சாலைகளின் ஷிப்டு நேரங்களையும் வண்டலூர்–வாலாஜாபாத் சாலையின் நெரிசலையும் பற்றி நாளெல்லாம் பேசுகிற ஊரில் கடல்மீன் வளத்தைப் பற்றி எழுதுவது வீண்வேலை என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆயினும் இவ்வட்டாரத்து ஏரிகளின் கலங்கல் தாண்டி வழிகிற மழைநீர், மணிமங்கலம், ஆதனூர்ப் பக்கங்களில் அடையாறாக உருக்கொண்டு, முடிச்சூரையும் அனகாபுத்தூரையும் சைதாப்பேட்டையையும் கடந்து, சீனிவாசபுரத்துக்கும் ஊரூர் ஆல்காட் குப்பத்துக்கும் நடுவே வங்கக் கடலில் கலக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தால், அக்கடலின் க்ஷேமத்தில் நமக்கும் பொறுப்புண்டு என்பது விளங்கும். மீனினத்தை ஒரு கோப்பிலும், படகை மற்றொரு கோப்பிலும், ஆற்றை வேறொரு அலுவலகத்திலும் வைத்து நிர்வகிக்கிற இன்றைய முறையால் கடல் பிழைக்காது. கடலையும் முகத்துவாரத்தையும் ஆற்றையும் ஒரே ஜீவசமூகமாகக் கொண்டு பரிபாலிக்கிற முறைக்கு நாம் வந்தே ஆகவேண்டும்.

இருக்கிற ஏற்பாடுகள் பயனற்றவை என்று சொல்வது நியாயமாகாது. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குபடுத்தும் சட்டம், கரையையொட்டிய மூன்று கடல் மைல் பரப்பை நாட்டுப்படகுகளுக்கென்று விட்டு விசைப்படகுகளை அதற்கப்பால் நிறுத்த முற்பட்டது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கட்டிக் கிடக்கின்றன. சுருக்குமடி வலை 2000-ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டு, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பன்னிரண்டு கடல் மைலுக்கு அப்பால் வாரத்தில் இரண்டு நாட்கள் மட்டும் அனுமதிக்கப்பட்டது. எந்த வலை, எத்தனை மைல், எத்தனை நாள் என்ற இக்கேள்விகள் அவசியமானவையே. ஆனால் கடலுக்குள் என்ன நேர்கிறது என்ற பெரிய கேள்வி இவற்றுள் அடங்கவில்லை. நூற்றுக்கணக்கான மீனினங்கள் கலந்து வாழ்கிற நம்முடைய வெப்பமண்டலக் கடலில், பல இனங்கள் ஆண்டின் பெரும்பகுதியிலும் முட்டையிடுகின்றன. அவை அனைத்துக்கும் இரண்டே மாதத்தில் பிள்ளைப்பேறு பார்த்துவிட்டதாக நிம்மதி கொண்டு, தடை நீங்கியதும் எல்லாப் படகுகளையும் ஒருசேரக் கடலில் விடுவோமானால், அறுபது நாளில் சேர்ந்த செல்வம் சில வாரங்களில் கரைந்துபோவதில் வியப்பென்ன?

இழுவை மடியின் கதையைச் சற்றே அருகில் நின்று பார்ப்போம். இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைத்த காலத்தில் பெருகிய இம்மடி, கடலடித் தரையை வாரிக்கொண்டே போவதாகும். அது மேல்தளத்தில் அவிழ்க்கப்பட்டதும் முதலில் இறாலைப் பொறுக்குவார்கள்; பின்பு கணவாயும் நண்டும் விலைபோகிற மீனும் கூடை கூடையாகப் பிரியும்; எஞ்சிக் கிடப்பது விரலளவுக் குஞ்சுகளும் சிப்பியும் கடற்பஞ்சும் நட்சத்திர மீனும் குழம்பிய ஒரு சேற்றுநிறக் குவியல். இராமேசுவரம் பக்கத்தில் சங்காயம் என்று வழங்கப்படும் அது, உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்துக்கும் மீன்தூளுக்கும் போகிறது. நாளைக்குப் பெரிய மீனாகி நல்ல விலை பெறவேண்டியதும், பெரிய மீனுக்கு இரையாகவேண்டியதும் இன்றைக்கே அரைபட்டுப்போகின்றன. நெத்திலியும் கவலையும் குறைந்தால் வஞ்சிரமும் சூரையும் எதைத் தின்று வளரும் என்பதை இறாலின் கணக்கை மட்டும் எழுதுகிற ஏடு சொல்லாது. படப்பைக் கடைகளிலேயே ஒரு முழ நீளமும் எட்டாத வஞ்சிரத்தை மலிவென்று வாங்கிச் செல்கிறோம். அதிற் பெரும்பாலானவை வாழ்நாளில் ஒருமுறைகூட முட்டையிட்டிராதவை.

2025 ஜனவரியில் சென்னைக் கரையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். முட்டையிடக் கரைதேடி வருகிற பருவத்தில், விலக்கப்பட்ட கரையோரப் பரப்பில் மடி இழுக்கப்பட்டதால் வலையில் சிக்கி மூச்சுமுட்டி இறந்தவை அவற்றுள் பல என்றே கருதப்பட்டது. ஆமையைக் காப்பது வனத்துறையின் வேலை, படகைக் கவனிப்பது மீன்துறையின் வேலை என்று பிரித்து வைத்ததன் பலன் இது.

கடலுக்குள் நிகழும் சேதம் ஒருபுறமிருக்க, நிலத்திலிருந்து போகிற சேதம் மறுபுறம் இருக்கிறது. நம் தட்டில் விழுகிற இறால்களுள் பல, கடலிற் பிறந்து, கண்ணுக்குத் தெரியாத குஞ்சுப் பருவத்தில் அலையோடு முகத்துவாரத்துக்குள் புகுந்து, உப்பும் நன்னீரும் கலந்த கழிமுகத்தில் வளர்ந்து, மீண்டும் கடலுக்குத் திரும்புகிறவை. மடவையும் கொடுவாயும் இளமையில் கழிமுகத்தை நம்பியே வாழ்கின்றன. மழைக்காலம் கழிந்ததும் ஆற்றில் நன்னீர் ஓட்டம் நின்றுவிட, மணல்திட்டு வாயை அடைக்க, உள்ளே சாக்கடையே தேங்கி நிற்குமானால், அந்தக் குஞ்சுகள் எங்கே போகும்? ஏரிகளின் வரத்துக்கால்வாய்களை மறித்து மனைப்பிரிவுகள் போட்டதன் விலையை 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூரும் வரதராஜபுரமும் கொடுத்தன. அதே குற்றத்தின் விலையை முகத்துவாரத்து மீனவர் ஒவ்வொரு கோடையிலும் கொடுக்கிறார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோதும், வலையும் படகும் கறுத்துத் தொழில் இழந்து நின்றவர், எந்த மீன்பிடி விதியையும் மீறாத நாட்டுப்படகு மீனவரே.

அதிகாரப் பங்கீடும் இக்குழப்பத்துக்குத் துணைபுரிகிறது. அரசமைப்புச் சட்டப்படி பன்னிரண்டு கடல் மைலுக்கு உட்பட்ட மீன்பிடிப்பு மாநிலத்தின் விஷயம். அதற்கப்பால் ஒன்றியத்தின் விஷயம். ஆறு நீர்வளத் துறையிடமும், கழிவுநீர் உள்ளாட்சிகளிடமும், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடமும் இருக்கின்றன. மீனோ இவ்வெல்லைகளுள் ஒன்றையும் அறியாது.

இப்படிப் பிரித்து ஆண்டதன் முடிவை உலகம் ஒருமுறை பார்த்துவிட்டது. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளாகப் பிடிக்கப்பட்டுவந்த காட் மீன் அருகிப்போய், 1992 ஜூலையில் அதைப் பிடிப்பது நிறுத்தப்பட்டது. முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் வேலை இழந்தார்கள். இரண்டே ஆண்டுகளுக்கென்று அறிவிக்கப்பட்ட அத்தடை நீங்க 2024 வரை காத்திருக்க நேர்ந்தது. மீன்பிடிப்பை நிறுத்தியும் மீன் ஏன் திரும்பவில்லை என்று ஆராய்ந்த விஞ்ஞானிகள் சுட்டிய காரணங்களுள் ஒன்று, காட் மீனின் முக்கிய இரையான கேப்பலின் என்னும் சிறுமீனும் அதே காலத்தில் அருகிப்போனது என்பதாகும். ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பு, 1995-இல் பொறுப்புள்ள மீன்பிடிப்புக்கு நெறிகளை வகுத்து, 2003-இல் உயிர்ச்சூழல் முழுவதையும் கருதும் அணுகுமுறைக்கு வழிகாட்டுதல்களை வெளியிட்டதற்கு இத்தகைய அனுபவங்களே பின்னணி.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் எழும். எல்லாவற்றையும் அறிந்த பிறகே எதையும் செய்வது என்றால் எதுவும் நடவாது என்பது ஒன்று. ஆனால் 1947-இல் தொடங்கப்பட்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல தசாப்தங்களாகச் சேர்த்துவைத்த ஞானம் நம்மிடம் இருக்கிறது. தொடங்குவதற்கு அது போதும். ஒவ்வொரு விதியும் கடைசியில் ஏழை மீனவரின் தலையிலேயே விடிகிறது என்பது மற்றொன்று. இது மெய்யான ஆட்சேபம். ஆகையால்தான் இழுவைப் படகுகளைக் குறைக்கிற செலவையும், மாற்றுத் தொழிலுக்கு வழிகாட்டுகிற காலம்வரை பிழைப்புக்கான தொகையையும் சர்க்காரே ஏற்கவேண்டும் என்கிறோம். ஆற்றைக் கெடுத்தவனை விட்டுவிட்டு வலை வீசுகிறவனை மட்டும் தண்டிக்கிற முறைக்கு முடிவுகட்டுவதும், கடலை முழுமையாகப் பார்க்கிற இந்நெறியின் ஒரு பயன்தான்.

நமக்கு இது புதிய தத்துவமும் அன்று. இதே காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட சாசனங்கள் ஏரி வாரியம் என்ற தனிச் சபையைக் குறிப்பிடுகின்றன. கரையும் மதகும் கலங்கலும் வரத்துக்காலும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை அறிந்தவர்கள், அவற்றைக் காக்கிற பொறுப்பையும் ஒரே வாரியத்திடம் விட்டார்கள். அடையாற்றுக்கு இன்று வேண்டியது அத்தகைய ஒரு வாரியமே: ஏரிப்பாசன விவசாயியும், முகத்துவாரத்து மீனவரும், விசைப்படகு உரிமையாளரும், மீன்துறை, நீர்வளத் துறை, மாசு வாரிய அதிகாரிகளும் சமமாக அமர்ந்து, கோடையில் ஆற்றில் எவ்வளவு நன்னீர் ஓடவேண்டும், கழிமுகத்தை ஒட்டிய எந்தக் கடற்பரப்பை எந்த மாதங்களில் மூடிவைக்கவேண்டும், எந்த அளவுக்குக் குறைந்த மீன் சந்தைக்கு வரலாகாது என்பனவற்றைச் சேர்ந்து தீர்மானிக்கிற சபை. அங்கே வெற்றி பெற்றால் கொசஸ்தலையாற்றுக்கும் பாலாற்றுக்கும் அதை விரிப்பது எளிது.

சென்னையிலிருந்து உத்தரவு வரும்வரை காத்திருக்கவேண்டியதில்லை. மார்ச் 22-ஆம் நாள், உலகத் தண்ணீர் தினத்தன்று, கிராம சபைகள் கூடுகின்றன. மீன்பிடித் தடைக்காலம் அதற்கு மூன்று வாரங்களுக்குப் பின்னரே தொடங்குகிறது. ஏரிக்குள்ளும் வரத்துக்கால்வாய்க்குள்ளும் கழிவுநீர் லாரிகள் கொட்டுவதைத் தடுத்து, கால்வாய்களின் எல்லையை அளந்து கல் நட்டு, அடையாற்றுக்கு ஒரு வாரியம் அமைக்கக் கோருகிற தீர்மானத்தை இவ்வட்டாரத்துக் கிராம சபைகள் அன்றைக்கு நிறைவேற்றட்டும். கடலில் படகுகளை அறுபத்தொரு நாள் நிறுத்தச் சொல்லுகிற நாம், கரையில் நம்முடைய பங்கைச் செய்தோமா என்ற கேள்விக்கு அதுவே முதல் பதிலாக இருக்கும்.