‘மூளை போச்சு’ என்பவர்களுக்கு

பொள்ளாச்சியிலிருந்தோ தாராபுரத்திலிருந்தோ காலையில் பஸ் ஏறிக் கோவைக்கு வந்தால், மாலைக்குள் எம்.ஆர்.ஐ. படத்தோடு வீடு திரும்பிவிடலாம். அந்தப் படத்தோடு சேர்ந்து ஒரு தீர்ப்பும் வீட்டுக்குப் போகிறது. படத்தில் கோளாறு இல்லையென்றால், “ஒண்ணுமில்லீங்க, எல்லாம் திமிரு.” மருத்துவர் ‘பைபோலார்’ என்று எழுதிவிட்டாலோ, “மூளை போச்சுங்க, இனி அவ்ளோதான்.” இரண்டும் எதிரெதிர்ப் பேச்சுகள் போலத் தோன்றினாலும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கைதான்: இருமுனை மனநோய் என்பது மூளையில் விழுந்த பழுது, அது படத்தில் தெரியும், விழுந்த பிறகு புத்தி பழையபடி திரும்பாது. படித்தவர்கள் இதோடு “ஆராய்ச்சியிலயே நிரூபிச்சிருக்காங்க” என்று ஒரு வரியைச் சேர்த்துக்கொள்கிறார்கள். அந்த ஆராய்ச்சிகளையே எடுத்துவைத்துப் பேசலாம்.

“ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும்”

பைபோலார் உள்ளவர்களின் மூளையில் வேறுபாடுகள் இருப்பது உண்மை. 28 ஆய்வுக் குழுக்கள் கூடி, 6,503 பேரின் மூளைப் படங்களை ஒப்பிட்டு 2018-இல் முடிவுகளை வெளியிட்டன. நெற்றிப்பகுதி, பொட்டுப்பகுதி, உச்சிப்பகுதி ஆகியவற்றின் மேலுறை நோயாளிகளிடம் சராசரியாகச் சற்று மெலிந்திருந்தது. மூளை இயங்கும்போது எடுத்த படங்களிலும் வித்தியாசம் உண்டு. கோபமோ பயமோ காட்டும் முகங்களைப் பார்க்கையில், உணர்ச்சியைக் கிளப்பும் அமிக்டலா கூடுதலாகவும், அதை அடக்கும் முன்நெற்றிப் பகுதி குறைவாகவும் வேலை செய்வதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆள் எழுச்சியில் இருக்கிறாரா, சோர்வில் இருக்கிறாரா, தெளிவாக இருக்கிறாரா என்பதைப் பொறுத்து இந்தப் படமும் மாறும்.

ஆனால் ‘சராசரியாக’ என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடக் கூடாது. பக்கத்துப் பக்கத்து ஊர்கள் இரண்டின் பருத்தியை எடுத்துக்கொள்வோம். நூறு மூட்டை அளந்தால் ஓர் ஊரின் இழை ஒரு துளி நீளம் என்று சொல்லலாம். ஒரு கைப்பிடிப் பஞ்சைக் கொடுத்து எந்த ஊர் என்று கேட்டால், அனுபவமுள்ள கொள்முதல்காரரும் கையை விரிப்பார். அந்த 2018 ஆய்வில் மிகப் பெரிதாகத் தெரிந்த வேறுபாட்டிலேயே நோயுள்ளவர், நோயற்றவர் என்ற இரு கூட்டத்தின் அளவுகளும் முக்கால் பங்குக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்று படிகின்றன. மூவாயிரம் பேரின் படங்களைக் கொண்டு கணினியைப் பழக்கி, யாருக்குப் பைபோலார் என்று கண்டுபிடிக்கச் சொன்ன ஆய்வில் துல்லியம் சுமார் 65 சதவீதத்தோடு நின்றுவிட்டது. கண்ணை மூடிச் சொன்னாலே பாதி சரியாக வரும் சோதனை அது.

ஆகவே படம் சுத்தமாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகாது. முதல் தாக்குதல் முதுமையில் வந்தாலோ, வலிப்போ விடாத தலைவலியோ கூட இருந்தாலோ, கட்டி போன்ற வேறு காரணம் உண்டா என்று பார்க்க மருத்துவர் ஸ்கேன் கேட்பார். பைபோலாரைக் கண்டுபிடிப்பது கதை கேட்டுத்தான்: ஒரு வாரமாவது நீடிக்கும் அளவு மீறிய உற்சாகம் அல்லது எரிச்சல், இரண்டு மணி நேரம் தூங்கியும் களைப்பின்மை, நிற்காத பேச்சு, கை மீறிய செலவு, இன்னொரு காலத்தில் படுக்கையை விட்டு எழ முடியாத சோர்வு.

கொங்கு மண்ணில் இந்தக் கதையைக் கேட்பதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. தொழில் முனைப்பைக் கொண்டாடும் ஊர்கள் இவை. காட்டை அடமானம் வைத்து ஒரே மாதத்தில் பனியன் கம்பெனியும் விசைத்தறியும் சேர்த்துத் தொடங்கப் போகிறேன் என்று ஒருவர் இரவெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால், முதல் பத்து நாளுக்கு அது கெட்டிக்காரத்தனமாகவே பார்க்கப்படும். இதுபோன்ற நழுவல்கள் உலகெங்கும் நடக்கின்றன. நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்குவதற்கும் இடையே சுமார் 6 ஆண்டுகள் கழிவதாகப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்.

“புத்தி மங்கிவிடும்”

கவனம், கேட்டதை நினைவில் வைப்பது, திட்டமிடுவது ஆகியவற்றுக்கான சோதனைகளில், நோய் தணிந்த காலத்திலும் பைபோலார் உள்ளவர்களின் சராசரி குறைவாகவே இருக்கிறது. இதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிரித்துப் பார்த்தால் ஒரு பகுதியினருக்கு எந்தக் குறையும் இல்லை, ஒரு பகுதியினருக்கு ஓரிரு திறன்களில் மட்டும் தடுமாற்றம், மற்றொரு பகுதியினருக்கே பரவலான பாதிப்பு. ஒரே ஆட்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வுகளைத் தொகுத்த 2014-ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு, திறன் படிப்படியாகச் சரிந்துகொண்டே போவதற்குச் சான்று காணவில்லை.

நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு விடுதிப் பள்ளிகளை அறிந்தவர்களுக்கு “படிச்சுப் படிச்சே மூளை சூடாயிருச்சு” என்ற பேச்சு பழக்கமானது. சுவீடனில் 1988 முதல் 1997 வரை பள்ளி இறுதி வகுப்பை முடித்த 7 லட்சத்துக்கும் மேற்பட்ட 16 வயது மாணவர்களின் மதிப்பெண்களைப் பிற்காலத்து மருத்துவமனைப் பதிவுகளோடு ஒப்பிட்டார்கள். மிக உயர்ந்த மதிப்பெண் பெற்றவர்களுக்குப் பைபோலார் வரும் வாய்ப்பு, நடுத்தர மதிப்பெண்காரர்களைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. மிகக் குறைந்த மதிப்பெண் பெற்றவர்களுக்கும் வாய்ப்பு ஓரளவு கூடுதலாக இருந்தது. முதல் வரிசை மாணவருக்கும் கடைசி வரிசை மாணவருக்கும் வரும் நோயைப் புத்திக்குறைவு என்றோ மேதைகளின் நோய் என்றோ ஒரே சொல்லில் அடைக்க முடியாது. படிப்பு நோயை உண்டாக்குவதில்லை. இரட்டையர் ஆய்வுகளின்படி பரம்பரையின் பங்குதான் பெரிது. தூக்கத்தைப் பறிப்பது மட்டும் வேறு சங்கதி. தொடர்ந்து கண்விழிப்பது, ஏற்கெனவே வாய்ப்புள்ளவரை எழுச்சி நிலைக்குத் தள்ளக்கூடும். விடுதிப் படிப்புக்கும் நூல் மில் இரவு ஷிப்டுக்கும் இது பொருந்தும்.

குறைந்த திறனை மீட்கவும் வழி உண்டு. ஸ்பெயினில் 10 மையங்களில் 239 பேரைக் கொண்டு நடந்த சோதனையில், நினைவு, கவனம், அன்றாடத் திட்டமிடல் ஆகியவற்றுக்கு 21 வாரம் பயிற்சி பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட வேலையிலும் பிறரோடு பழகுவதிலும் நன்றாகத் தேறினார்கள்.

“மாத்திரைதான் மூளையைக் கெடுக்குது”

சில மருந்துகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். லித்தியம் சிலருக்கு லேசான மந்தத்தையும் கை நடுக்கத்தையும் தரும். அதை மருத்துவரிடம் சொன்னால் அளவை மாற்றலாம், மருந்தை மாற்றலாம். லித்தியம் மூளையையே கெடுக்கிறது என்ற குற்றச்சாட்டுக்கோ ஆதாரம் எதிர்த்திசையில் இருக்கிறது. மேலே சொன்ன 2018 ஆய்வில் லித்தியம் எடுத்தவர்களின் மேலுறை, எடுக்காதவர்களின் மேலுறையைவிடத் தடிமனாக இருந்தது. மருந்து மட்டுமே காரணம் என்று இதைக் கொண்டு அடித்துச் சொல்ல முடியாது. லித்தியம் மூளையை அரிக்கிறது என்று சொல்லவே முடியாது.

லித்தியத்தில் பயப்பட வேண்டிய இடம் வேறு. ரத்தத்தில் அதன் அளவு குறுகிய எல்லைக்குள் நிற்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு சோதனைகளைத் தவறவிடக் கூடாது. சித்திரை வெயிலில் வியர்த்து நீர் வற்றினாலோ, வயிற்றுப்போக்கு வந்தாலோ, மூட்டு வலிக்கென்று கடையில் டைக்ளோபினாக் வாங்கிப் போட்டாலோ அளவு ஏறிவிடும். வாந்தி, தள்ளாட்டம், கடும் நடுக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

“கோயில்ல தங்கினா சரியாகுதே?”

குணசீலம் பெருமாள் கோயிலுக்குப் போய் 48 நாள் தங்கித் திரும்பிய குடும்பங்கள் கொங்கு நாட்டில் ஏராளம். இந்தக் கேள்வியை அறிவியலும் இளக்காரமாகத் தள்ளிவிடவில்லை. வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் 2000-இல் தங்கியிருந்த 31 பேரைப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் ஆராய்ந்து, 2002-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். நோய்க்குறிகளை அளக்கும் மதிப்பெண் கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைந்திருந்தது. அச்சுறுத்தல் இல்லாத அமைதியான இடம், கூடவே குடும்பம், அன்றாடக் கோயில் வேலை ஆகியவை உதவியிருக்கலாம் என்றார்கள்.

ஆனால் அந்த 31 பேரில் பைபோலார் உள்ளவர்கள் இருவரே. ஒப்பிட்டுப் பார்க்க வேறொரு குழுவும் இல்லை. எழுச்சியோ சோர்வோ வாரங்களிலோ மாதங்களிலோ தானாகவும் தணியும். பிறகு திரும்பி வரும். அந்தத் திரும்பி வருதலைத் தடுக்கத்தான் மாத்திரை. கோயிலுக்குப் போகிறவர் அதை நிறுத்திவிட்டுப் போக வேண்டியதில்லை. சங்கிலிக்கும் இதில் இடமில்லை: 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடி மனநோயாளிகள் காப்பகத் தீயில் 28 பேர் கருகியது, ஓட முடியாதபடி கட்டி வைக்கப்பட்டிருந்ததால்.

“கல்யாணம், வேலை, சொத்து எதுக்கும் ஆகாது”

சட்டம் இப்படிப் பார்ப்பதில்லை. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, மனநோய் இருப்பதாலேயே ஒருவரைச் சித்த சுவாதீனம் அற்றவர் என்று கொள்ளக் கூடாது, அதை நீதிமன்றம்தான் அறிவிக்க வேண்டும் என்கிறது. மணவிலக்கு வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 1988-இலேயே, நோயின் பெயர் மட்டும் போதாது, அதன் தீவிரத்தைப் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெற்றோரில் ஒருவருக்குப் பைபோலார் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு சுமார் 10 சதவீதம் வரை. அதாவது பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு வருவதில்லை.

நிம்ஹான்ஸ் தலைமையில் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015-16-இல் நடந்த தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, பைபோலார் உள்ளவர்களில் 70.4 சதவீதம் பேர் சிகிச்சை பெறவில்லை. ‘இனி அவ்ளோதான்’ என்ற பேச்சு அடைத்து வைத்திருக்கும் கதவுகளும் அந்தக் கணக்கில் சேர்த்திதான். கோவை அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்கப் போகும்போது ஸ்கேன் கவரைவிட உதவுவது ஒரு நோட்டு: எந்தத் தேதியில் எத்தனை மணி நேரம் தூங்கினார், எப்போது செலவு எகிறியது, எப்போது பேச்சு நின்றது, எந்த மாத்திரை எப்போது விடுபட்டது.