படலைத் திறந்துவிடுவதா இரக்கம்?

செவலை மூன்று மாதமாக லாயத்தை விட்டு வெளியே வரவில்லை என்று எழுதினாலும் எழுதினேன், வசவு நின்றபாடில்லை. கோயமுத்தூரிலிருந்து, சென்னையிலிருந்து, சிங்கப்பூரிலிருந்துகூட. "நாலு ஏக்கர் கொறங்காடு சும்மா கெடக்குதே, அந்த வாயில்லாச் சீவனை அவுத்து விட்டா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிரும்?" என்று ஒரு அம்மிணி கேட்டிருந்தார். நல்ல மனசில் கேட்டதுதான். அந்த நல்ல மனசோடுதான் எனக்குச் சண்டை.

விசயம் இதுதான். ஆடி மாதம் செவலைக்கு இடது முன்னங்காலில், முட்டிக்குக் கீழே பின்பக்கமாக ஓடுகிற நாண் பிசகிவிட்டது. ஊரில் நரம்பு என்பார்கள். நிஜத்தில் அது சதையை எலும்போடு கட்டுகிற கயிறு. குதிரை பாய்ந்து வரும்போது ஒரு கணம் உடம்பின் பாரமெல்லாம் ஒற்றைக் காலில் இறங்கும். அந்தக் கயிறுதான் தாங்கவேண்டும். அதில் இழை அறுந்தால் ஆறுவதற்கு ஒரு வருசம் வரைக்கும் பிடிக்கும். நடுவில் ஒரே ஒருமுறை துள்ளினால் பழைய குருடி கதவைத் திறடி. மருத்துவர் லாயத்தைக் காட்டி, "மூணு மாசத்துக்கு இவளுக்கு உலகம் இதுதானுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஐப்பசியில் அந்தக் கெடு முடிந்தது. இனி கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடலாம். எப்படி விடுவது என்பதில்தான் இரண்டு கட்சி இருக்கிறது. இரண்டும் தப்பு.

முதல் கட்சி உங்களுடையது. கதவைத் திற, குதிரை பாயட்டும், பிடரி பறக்கட்டும், செல்போனில் எடுத்துப் பின்னால் ஒரு பாட்டைப் போடு. எங்கள் பக்கத்துக் காட்டை வாங்கிப் பண்ணை வீடு கட்டியிருக்கும் டவுன்காரர் ஒருவர் குதிரையும் வாங்கினார். பார்த்துக்கொண்ட ஆள் ஊருக்குப் போய்விட்டதால் அது இரண்டு மாதம் ஷெட்டிலேயே நின்றது. நேரத்துக்குத் தீனி மட்டும் குறையவில்லை. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தபந்தமெல்லாம் வந்திருந்தபோது கேட்டைத் திறந்தார்கள். குழந்தைகள் கைதட்ட, குதிரை கிளம்பியது. ரெண்டு சுற்று எல்லாரும் பார்த்து ரசித்தார்கள். மூன்றாவது சுற்றில் மூலையில் திரும்பமுடியாமல் வழுக்கிக் கம்பிவேலியில் போய் விழுந்தது. நெஞ்சுத்தோல் ஒரு முழத்துக்குக் கிழிந்து தொங்கியது. ராத்திரி பேட்டரி லைட் வெளிச்சத்தில் தையல் போட்டார்கள். லைட்டைப் பிடித்திருந்தது நான். பிழைத்துக்கொண்டது. "திமிர் புடிச்ச குதிரைங்க, நமக்கு ஆகாது" என்று அடுத்த மாதமே விற்றுவிட்டார். திமிர் யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பக்கத்துக் காட்டுக்காரர், நாளைக்கு வாய்க்கால் தகராறு வரும்.

அவரைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டா என்றால் இல்லை. இதுவரை இங்கே எழுதாத ஒன்றை எழுதிவிடுகிறேன். பதினாலு வருசத்துக்கு முந்தி அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் ஒரு வெள்ளைக் குதிரை வாங்கினேன். மார்வாரி, காது ரெண்டும் உள்வளைந்து நுனி தொட்டுக்கொண்டிருக்கும். அடுத்த வருசம் அப்பாருக்கு உடம்பு முடியாமல் நாற்பது நாள் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். குதிரை கட்டுத்தறியிலேயே நின்றது. வேளாவேளைக்குக் கொள்ளு வேகவைத்து வைக்கச் சொல்லியிருந்தேன், வைத்தார்கள். திரும்பி வந்து அதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. அன்றைக்கே கொறங்காட்டுப் படலைத் திறந்து, தலைக்கயிற்றை அவிழ்த்து, "போடா ராசா" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன். போனான். அவ்வளவு அழகான ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. வெள்வேல மரத்தடியில் ஒரு எலி வளையில் முன்னங்கால் இறங்கியது. சத்தம் படலிலிருந்த எனக்குக் கேட்டது. முன்னங்காலில் எலும்பு இரண்டாகப் போன அத்தனை பெரிய மிருகத்தை என்ன செய்வார்களோ அதைத்தான் மருத்துவர் ஊசி போட்டுச் செய்தார். கிளுவை வேலி ஓரமாகப் புதைத்தோம். எலி மேலும் குற்றம் இல்லை, குதிரை மேலும் குற்றம் இல்லை.

இரண்டாவது கட்சி எங்கள் ஊருடையது. ஆட்டம் போடுகிற குதிரையை "நாலு சாத்து சாத்துனா அடங்கிரும் மாப்ள" என்பார்கள். கொள்ளு என்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளம் என்றால் மூடிக்கொள்ளுமாம் என்று ஒரு பழமொழி வேறு. குதிரை கள்ளத்தனம் பண்ணுகிறது என்று சொல்வதற்கே அதை வைத்திருக்கிறோம். எனக்குத் தெரிந்து அந்தப் பழமொழியில் தப்பு குதிரையிடம் இல்லை. வேலை வாங்காத நாளிலும் கொள்ளை அள்ளிப் போட்டவனிடம் இருக்கிறது.

அடைந்து கிடந்த குதிரையின் உடம்பைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மேய்ச்சலில் விட்டால் ஒரு நாளில் பதினாறு மணி நேரம் தலையைக் குனிந்தே இருக்கும். நடப்பதும் தின்பதும் அதற்கு ஒரே வேலை. அதை ஒரு அறையில் நிறுத்தி, நடையைப் பிடுங்கிவிட்டு, தீனியை மட்டும் அப்படியே வைத்தால் எரிய வேண்டியது எரியாமல் சேர்ந்துகொண்டே போகும். வண்டிக்குதிரை ஓடிய காலத்தில் வெள்ளைக்காரர்கள் இதற்குத் திங்கட்கிழமை நோய் என்றே பேர் வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு லீவு, தானியத்துக்கு லீவு இல்லை. திங்கட்கிழமை காலையில் பூட்டி நாலு தெரு போவதற்குள் தொடைச் சதை கல்லாக இறுகிக் குதிரை நின்றுவிடும், மூத்திரம் காப்பி நிறத்தில் போகும். ஒரு நாள் லீவுக்கே இந்தக் கதி என்றால் தொண்ணூறு நாளுக்கு?

அது போக, குதிரை ஓடிப் பிழைக்கிற சாதி. கண் ரெண்டும் பக்கவாட்டில் இருப்பதால் மூக்குக்கு நேர் முன்னாலும் வாலுக்கு நேர் பின்னாலும் கொஞ்சம் போக மீதி எல்லாம் தெரியும். எது புதுசாக அசைந்தாலும் முதல் யோசனை ஓட்டம்தான். மூன்று மாதம் நாலு சுவரைப் பார்த்த கண்ணுக்குக் கொறங்காட்டில் எதுதான் புதுசு இல்லை? கூட்டமாக வாழ்கிற மிருகத்தைத் தனியே அடைத்திருந்தால் இன்னும் மோசம். பக்கத்தில் இன்னொன்று நிதானமாக மேய்ந்தால்தான் இங்கே பயமில்லை என்று அதற்குத் தெரியும். இதில் திமிர் எங்கே வந்தது? 2020 ஊரடங்கு முடிந்ததும் முதல் நாளே மைதானத்தில் இறங்கி ஓடி, மறுநாள் படி இறங்க முடியாமல் உட்கார்ந்திருந்தவர்கள் உங்களில் எத்தனை பேர்? உங்களை யாராவது சவுக்கால் அடித்தார்களா?

அமைதி என்பது குதிரைக்குள் இருந்து அன்றைக்கு வரவேண்டிய குணம் என்றுதான் ரெண்டு கட்சியும் நினைக்கிறது. வந்தால் வீடியோ, வராவிட்டால் சவுக்கு. முன்னாடி ஒன்றரை மாசம் மனுசன் பார்க்க வேண்டிய வேலை அது. பார்க்கச் சலித்துக்கொண்டு பழியை வாயில்லாததன் மேல் போடுகிறோம்.

நான் செய்ததைச் சொல்கிறேன். லாயத்தில் அடைத்த அன்றே கொள்ளை நிறுத்தினேன். காய்ந்த புல், கடலைக்கொடி, தாது உப்பு, அவ்வளவுதான். (தாது உப்பு ஏனென்றால் எங்கள் கொறங்காட்டில் விளைகிற கொழுக்கட்டைப்புல்லில் ஆக்சலேட் அதிகம். மாட்டுக்கு ஒன்றும் செய்யாது. குதிரைக்கு அதுவே கதி என்றால் சுண்ணாம்புச்சத்து உடம்பில் ஒட்டாமல் எலும்பு பலவீனப்பட்டு முகம் வீங்கும். மருத்துவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.) பக்கத்து அறையில் எங்கள் கிழட்டு மட்டக்குதிரையைக் கட்டினேன். நடுச்சுவரில் பாதியை இடித்து ரெண்டும் மூக்கை உரசிக்கொள்ள வழி செய்தேன். வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.

மருத்துவர் சொன்ன பிற்பாடு, ஏழாவது வாரத்திலிருந்து கையில் பிடித்து நடை. காலையில் அஞ்சு நிமிசம், பொழுதோட அஞ்சு நிமிசம். வாரத்துக்கு அஞ்சு நிமிசம் கூட்டினோம். கெட்டித் தரையில், நேர்கோட்டில், மெதுவாக. சலிப்பான வேலை. யாரும் வீடியோ எடுக்க மாட்டார்கள்.

ஐப்பசியில் மழை பெய்து கொறங்காடு பச்சைப்பசேல் என்று நின்றது. பார்க்கிறவர்களுக்கு அது சொர்க்கம். காய்ந்த புல்லில் மூன்று மாதம் இருந்த குதிரையை அதில் முழு நாள் விட்டால் வயிறு உப்பும். குதிரைக்கு வாந்தி எடுக்க வராது. உள்ளே போனது அடைத்துக்கொண்டால் சூலை வந்து உருண்டு புரண்டே செத்துப்போகும். குளம்புக்குள் வீக்கம் கண்டு காலை ஊன்ற முடியாமலும் போகும். அதனால் நடைக்குக் கூட்டிப்போகும்போதே வேலி ஓரம் பத்து நிமிசம், கால் மணி என்று பச்சையைப் பழக்கினேன்.

கொறங்காட்டின் ஒரு மூலையில் பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி தடுத்தேன். ஆட்டுப்பட்டிக்குப் போடுகிற மூங்கில் படல் குதிரைக்குத் தாங்காது. வேலங்கால் நட்டு, நெஞ்சு உயரத்துக்கு ரெண்டு வரிசை சவுக்கு மரம் கட்டினோம். லாயத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பாய இடம் இருக்காது, பார்க்க வானம் இருக்கும். மட்டக்குதிரை வெளியே பக்கத்திலேயே மேயும்.

ஊசியைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: சாந்தப்படுத்துகிற மருந்து இருக்கிறது, அதில் வெட்கமும் இல்லை. ஏஸ்புரோமசின் மாதிரியான மருந்தை மருத்துவரே முதல் நாட்களுக்குக் கொடுப்பார். மெடிக்கலில் வாங்கி நீங்களே குத்தாதீர்கள். ஆண் குதிரைக்கு அதனால் குறி வெளியே வந்தது உள்ளே போகாமல் நின்றுவிடுகிற ஆபத்து உண்டு. செவலைக்கு மருத்துவர் முதல் ரெண்டு நாள் கொடுத்தார். பிறகு தேவைப்படவில்லை.

முதல் நாள் காற்றில்லாத பகலாகப் பார்த்தோம். குளிர்ந்த காற்றடித்தால் சாதாரணக் குதிரையே துள்ளும். காலையில் வழக்கமான நடையை முடித்து, நாலு காலிலும் பட்டி சுற்றி, பசியோடு கூட்டிப் போனோம். அடைப்புக்குள் முன்னாலேயே புல் போட்டிருந்தது. உள்ளே போனதும் அவளைத் திருப்பி முகம் வாசலைப் பார்க்க நிறுத்தி, நான் வாசல் பக்கம் நின்றுகொண்டு தலைக்கயிற்றைக் கழற்றினேன். அப்படி நின்றால்தான் அவள் திரும்பிக் கிளம்பும்போது பின்னங்கால் நம் மேல் படாது. தட்டவில்லை, கத்தவில்லை. பையன் செல்போனை எடுத்தான், முறைத்ததும் பைக்குள் வைத்துவிட்டான்.

என்ன செய்தாள் என்கிறீர்களா? காதை விறைத்து ஒருதரம் கனைத்தாள். மட்டக்குதிரை நிமிர்ந்தே பார்க்கவில்லை, மேய்ந்துகொண்டிருந்தது. செவலை படுத்து முதுகு மண்ணில்பட நாலு புரட்டுப் புரண்டு எழுந்து உதறிவிட்டுப் புல்லில் தலையை விட்டாள். அரை மணி நேரம். திரும்ப லாயத்துக்கு.

இது கார்த்திகை. அடைப்பை ரெண்டு தடவை பெரிதாக்கியாகிவிட்டது, இப்போது மூன்று மணி நேரம் நிற்கிறாள். தை பிறந்ததும் மருத்துவர் காலை ஸ்கேன் செய்து பார்ப்பார். சரியென்றால் மாசியிலோ பங்குனியிலோ முழுக் கொறங்காடு. அதற்குள் எலி வளைகளை ஒவ்வொன்றாகத் தேடி மூடிக்கொண்டிருக்கிறேன். இதுவரை இருபத்துமூன்று. வெள்வேல மரத்தடியில் மட்டும் நாலு.