குடல் முறுக்கும் சங்கங்களின் கடமையும்

திராட்சைப் பந்தலில் உழைப்பவருக்கும் தறிக்குழியில் அமர்ந்து நெய்பவருக்கும் வயிற்றுவலி புதிய விஷயமன்று. வேளை தவறிய உணவு, வாய்வு, உஷ்ணம் என்று ஏதேனும் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, ஓமத் தண்ணீரோ சுக்குக் கஷாயமோ அருந்திவிட்டு மறுநாள் வேலைக்குச் செல்கிறோம். பெரும்பாலும் வலி தணிந்துவிடுகிறது. தணியாத வலிகளுள் ஒன்றான குடல் முறுக்கைப் பற்றியே அங்கத்தினர்களின் கவனத்திற்குச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

நூல் சிட்டத்தை இரு முனையிலும் பிடித்துத் திருகினால் நடுப்பகுதி இறுகிப்போவதை நெசவாளர் அறிவர். குடலும் அவ்வாறே தன்னைத் தாங்கி நிற்கும் சவ்வின் மேல் சுற்றிக்கொள்வதுண்டு. அப்போது இரண்டு தீங்குகள் ஒருங்கே நேரிடுகின்றன. குடலின் வழி அடைபடுகிறது. அச்சவ்வின் ஊடே குடலுக்குச் செல்லும் இரத்தக் குழாய்களும் நெரிபடுகின்றன. வாய்க்கால் அடைபட்டால் பயிர் சில நாள் தாங்கும். இரத்தம் தடைப்பட்ட குடலோ சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்கிவிடும்.

நெடுநாள் மலச்சிக்கல் உள்ள முதியவர்களுக்குப் பெருங்குடலின் கடைப்பகுதியில் இம்முறுக்கு ஏற்படுவது நம் நாட்டில் அரிதன்று. குடல் பிறவியிலேயே இடம் மாறி அமைந்த சிசுக்களுக்கும் இது வரலாம். பச்சிளங் குழந்தை பச்சை நிறமாக வாந்தி எடுத்தால், அதை உரம் விழுந்ததென்றோ பால் ஒவ்வாமை என்றோ எண்ணி ஒரு நிமிடமும் தாமதிக்கலாகாது.

பெரியவர்களுக்கு அடையாளங்கள் இவை: விட்டுவிட்டு வந்து பின் நிலைத்துவிடும் கடும் வலி, வயிற்று உப்பிசம், மலமும் காற்றும் பிரியாமை, வாந்தி. இந்நிலையில் குடல் தட்டுவதும், வயிற்றைப் பிசைந்து எண்ணெய் தேய்ப்பதும், பேதி மருந்து கொடுப்பதும் பெருந்தீங்காய் முடியும். அடைபட்ட குடலைப் பேதி மருந்து மேலும் உப்பச் செய்யும். வைத்தியர் பார்க்கும் வரை வாய்வழியே ஒன்றும் கொடாதிருப்பதே நலம்.

மருத்துவமனையில் முதலில் எடுக்கப்படும் சாதாரண எக்ஸ்ரே படத்தில், உப்பிய குடல் நம் போடி மலையில் விளையும் காப்பிக் கொட்டையைப் போலத் தோன்றுவதுண்டு. பல சமயங்களில் அதுவே போதும். எல்லாச் சமயங்களிலும் போதாது. அவ்விடத்தில்தான் சி.டி. ஸ்கேன் துணைக்கு வருகிறது. ஹவுன்ஸ்ஃபீல்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஆக்கிய இக்கருவியால் முதல் நோயாளி லண்டனில் 1971-இல் பரிசோதிக்கப்பட்டார். 1979-இல் அவருக்கும் கார்மாக் என்பவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. உடலைத் துண்டு துண்டாக அறுத்துப் பார்ப்பதுபோல் இக்கருவி படம் காட்டுகிறது. முறுக்கிய இடத்தில் சவ்வும் இரத்தக் குழாய்களும் ஆற்றுச் சுழிபோல் வளைந்து தெரியும். இரத்தக் குழாயில் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், குடலின் சுவருக்கு இரத்தம் செல்கிறதா என்பதும் புலப்படும்.

இவ்விவரம் சிகிச்சையின் போக்கையே மாற்றக்கூடியது. குடல் உயிரோடிருந்தால், பெருங்குடலின் கடைப்பகுதி முறுக்கை ஆசனவாய் வழியே குழாய்க் கருவியைச் செலுத்திப் பிரிக்கலாம். எனினும் அது திரும்ப வரக்கூடியதாகையால், பின்னர் அறுவை சிகிச்சை செய்துகொள்வதே முறை. குடல் அழுகியிருப்பின் உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும்.

ஸ்கேன் என்பது பணம் பிடுங்கும் வழி என்று சொல்வாரும் உண்டு. சாதாரண வயிற்றுவலிக்கெல்லாம் அது வேண்டியதில்லை என்பதில் ஐயமில்லை. அதன் கதிர்வீச்சும் எக்ஸ்ரேயினும் பன்மடங்கு. வயிறு பலகைபோல் இறுகி, குடல் கிழிந்துவிட்டது தெளிவாகிவிட்டால், படத்திற்காகக் காத்திராமல் அறுவை மேஜைக்குக் கொண்டுசெல்வதே சரி. ஆயினும் ஐயமுள்ள இடத்தில் வைத்தியர் கேட்கும் படத்தைச் செலவென்று தள்ளிப்போடுவது, காசை மிச்சம் பிடித்து உயிரைப் பணயம் வைப்பதாகும்.

நம் பகுதியில் நேரத்தைத் தின்பது தூரம். 2004-இல் தொடங்கப்பெற்ற தேனி அரசு மருத்துவக் கல்லூரி க.விலக்கில் இருக்கிறது. கம்பத்திலிருந்து தேனிக்கே ஏறக்குறைய 40 கிலோமீட்டர், க.விலக்கு அதற்கும் அப்பால். கூடலூர்க்காரருக்கு வழி இன்னும் நீளம். இரவு பத்து மணிக்குத் தொடங்கிய வலியை விடியட்டும் என்று விட்டு வைத்தால், மீதமிருக்கும் நேரம் எவ்வளவு?

ஆகவே, ஒவ்வொரு சங்கமும் நான்கு காரியங்களைச் செய்ய வேண்டும் என்பது எமது அபிப்பிராயம். முதலாவது, சி.டி. கருவியும் அறுவை மருத்துவரும் இரவிலும் கிடைக்கும் மருத்துவமனைகள் எவை என்பதை முன்கூட்டியே விசாரித்து, 108 ஆம்புலன்ஸ் எண்ணோடு சங்க வாசலில் எழுதி வைத்தல். இரண்டாவது, முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திற்குத் தகுதியுள்ள அங்கத்தினர் அனைவரும் அட்டை பெற்றிருக்கின்றனரா என்று பார்த்தல். மூன்றாவது, லாபத்தில் ஒதுக்கும் பொது நல நிதியிலிருந்து அவசரத் தொகை வழங்குதல். கூட்டம் கூடித் தீர்மானிக்கும் வரை நோய் காத்திராது. ஆகவே, ஒரு வரம்புக்குட்பட்டு இரவிலேயே கொடுக்கச் செயலாளருக்கு அதிகாரமளித்து, அடுத்த கூட்டத்தில் கணக்கை ஏற்றுக்கொள்ளலாம்.

நான்காவது, பள்ளத்தாக்கின் அரசு மருத்துவமனைகளில் சி.டி. வசதியை இரவும் பகலும் உறுதிசெய்யுமாறு மாவட்ட நிர்வாகத்திற்குச் சங்கங்கள் ஒன்றுகூடி எழுதுதல். கருவி மட்டும் இருந்து படத்தைப் படித்துச் சொல்ல ஆளில்லாவிடில் பயனில்லை. படத்தை நொடியில் வேறூருக்கு அனுப்பி நிபுணரிடம் கருத்துப் பெறும் வசதி இன்று இருப்பதால், அதையும் சேர்த்தே கேட்க வேண்டும்.

நூல் விலைக்கும் திராட்சை விலைக்கும் ஒன்றுகூடிக் குரல் கொடுத்தவர்கள் நாம். அடுத்த பொதுக்குழுவில் இதையும் ஒரு பொருளாக வைத்து, அங்கத்தினர்கள் தீர்மானமாக்குவார்கள் என்று நம்புகிறோம்.